கல் நாட்ட வரும் பிள்ளைகள்

கரீபியன் கடலின் தென்கிழக்கு மூலையில், கிரெனடாத் தீவுக்கு வடக்கே, 34 சதுர கிலோமீட்டர் பரப்பளவே உள்ளதாய், ஆறு என்று பெயர் சொல்லத்தக்கது ஒன்றுகூட ஓடாததாய், கூரைகளில் விழும் மழைநீரைத் தொட்டிகளில் தேக்கி வைத்தே வறண்ட மாதங்களைக் கடப்பதாய், கேரியக்கூ என்றொரு தீவு இருக்கிறது. கிரெனடைன்ஸ் என்னும் தீவுக் கூட்டத்தில் அதுவே பெரியது என்றால், மற்றவற்றின் அளவை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அங்கே நிலையாகக் குடியிருக்கும் ஜனங்கள் பத்தாயிரம் பேர்கூட இல்லை. ஆயினும், தம் ஊர் கேரியக்கூ என்று பெருமிதத்துடன் சொல்லிக்கொள்கிறவர்களை நியூயார்க்கின் புரூக்லின் பகுதியிலும், லண்டனிலும், வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்திலும், டிரினிடாடிலும் பெருந்தொகையாகக் காணலாம். அவர்களிலே பலர் அந்தத் தீவில் பிறந்தவர்கள் அல்லர். சிலர் அதைக் கண்ணால் கண்டதும் இல்லை.

இத்தகைய குடும்பங்கள், பாட்டியும் மகளும் பேரக் குழந்தைகளுமாக, நெடுநாள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைச் செலவிட்டு, பூர்விகத் தீவை நோக்கிப் புறப்படும் பிரயாணத்தை உல்லாசப் பிரயாணங்களின் கணக்கில் சேர்ப்பது பெரும் பிழையாகும். வெண்மணற் கரைகளுக்கும் பவளப் பாறைகளுக்கும் அங்கே குறைவில்லை. அவற்றை நாடி வரும் அயல்நாட்டாருக்கும் குறைவில்லை. ஆனால் இந்தக் குடும்பங்களை அழைப்பவர்கள் இறந்துபோனவர்கள். தாத்தாவின் சமாதிக்கு இன்னும் கல் வைக்கவில்லை, பாட்டி கனவில் வந்து சோறு கேட்டாள், தீர்த்து வைப்பதாய் வாக்களித்த காரியம் ஒன்று அப்படியே கிடக்கிறது என்பவை போன்ற காரணங்களே அவர்களை விமானத்தில் ஏற்றுகின்றன. பிதிர்க்கடன் என்று நம்மவர் சொல்லும் அந்தப் பொறுப்பை, அட்லாண்டிக் மகாசமுத்திரத்தின் மறுகரையில், அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததியார் இவ்வளவு நிஷ்டையோடு காத்து வருகிறார்கள் என்பது நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமென்று கருதியே இதை எழுதுகிறேன்.

தீவின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுக்காரர் அங்கே குடியேறினர். 1763-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி தீவு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இருவருமே நம்பியிருந்த பயிர் பெரும்பாலும் பருத்தி. அதைப் பயிரிட்டவர்களோ மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பலின் அடித்தட்டில் விலங்கிட்டுக் கொணரப்பட்ட ஆண்களும் பெண்களும். அவர்களுடைய பெயர்கள் மாற்றப்பட்டன, மொழி மெல்ல மெல்ல நாவிலிருந்து நழுவியது, வழிபாடு பறிக்கப்பட்டது. பிரிட்டிஷ் ஆதிக்கத்தில் அடிமைமுறை 1834 ஆகஸ்டு முதல் தேதி சட்டப்படி ஒழிந்தும், பயிற்சிக்காலம் என்ற பெயரில் 1838 வரை அவர்களுடைய உழைப்பு கட்டுண்டே கிடந்தது. பின்னர் தோட்டங்கள் லாபம் தராமற்போகவே, முதலாளிமார் ஒருவர் பின் ஒருவராகத் தீவை விட்டு அகல, அந்த வறண்ட மண் மெல்ல மெல்ல அதில் உழைத்தவர்களின் கைக்கே வந்து சேர்ந்தது.

எல்லாவற்றையும் இழந்த அந்த ஜனங்கள் ஒன்றை மட்டும் இழக்க மறுத்தார்கள். தாங்கள் ஆப்பிரிக்காவில் எந்தக் குலத்தைச் சேர்ந்தவர்கள் என்ற ஸ்மரணைதான் அது. குரோமாந்தி, இக்போ, மாண்டிங், டெம்னே, அராடா, மோக்கோ, கொங்கோ, சாம்பா, பாண்டா என்று நீளும் அந்தக் குலங்களை அவர்கள் ‘நேஷன்’ என்கிறார்கள். தகப்பன் வழியாக அது பிள்ளைக்கு வருகிறது. கரீபியன் தீவுகள் பலவற்றில் இந்த நினைவு மங்கிவிட்டது. கேரியக்கூவிலோ, ஒரு மூதாட்டியிடம் போய் உங்கள் குலம் எது என்று கேட்டால், தயங்காமல் தந்தையின் குலத்தையும் தாயின் குலத்தையும் சேர்த்தே சொல்லக்கூடியவர்களை ஆராய்ச்சியாளர்கள் சென்ற நூற்றாண்டிலும் கண்டிருக்கிறார்கள். 1953-ல் அங்கே தங்கி ஆராய்ந்த ஜமெய்க்கா தேசத்து மானிடவியலாளர் எம். ஜி. ஸ்மித், தீவின் உறவுமுறைகளையும் மூதாதையர் வழிபாட்டையும் பற்றி எழுதிய நூல் 1962-ல் வெளிவந்தது. அதே 1962-ல் ஆலன் லோமாக்ஸ் என்ற அமெரிக்கர் ஒலிப்பதிவுக் கருவியுடன் வந்து அவர்களுடைய பாடல்களைப் பதிவு செய்து போனார்.

வறண்ட மண் எல்லோருக்கும் சோறு போடாது. சோளமும் துவரையும் விதைத்து, ஆடு மாடு வளர்த்து, மீன் பிடித்து வாழ்ந்த அந்தத் தீவின் ஆண்கள் கப்பலேறிப் பிழைக்கக் கற்றார்கள். முதலில் டிரினிடாடு, பிறகு எண்ணெய் கிடைத்த அயல் துறைமுகங்கள், 1955 செப்டம்பரில் ஜேனட் என்னும் புயல் கிரெனடாவையும் கேரியக்கூவையும் புரட்டிப் போட்ட பின்பு இங்கிலாந்து, 1962-ல் இங்கிலாந்து தன் கதவை ஒருக்களித்துச் சாத்தவும், 1965-ல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் தளர்த்தவும், நியூயார்க். போனவர்கள் பணம் அனுப்பினார்கள்; பெரிய பீப்பாய்களில் அரிசியும் எண்ணெயும் சோப்பும் துணிமணிகளும் அடைத்து அனுப்பினார்கள். ஊரிலே இருந்த பெண்கள் வயலையும் பார்த்து, பிள்ளைகளையும் வளர்த்து, சமாதிகளையும் காத்தார்கள். இந்தப் பெண்களின் உழைப்பைப் பற்றி எழுதப்பட்டது மிகவும் கொஞ்சம் என்பது என் எண்ணம்.

அப்படி நியூயார்க்கில் குடியேறிய கேரியக்கூப் பெண்மணி ஒருத்தியின் மகள்தான் ஆட்ரி லார்டு. 1934-ல் பிறந்து, பிற்காலத்தில் அமெரிக்காவின் புகழ்பெற்ற கவிஞர்களில் ஒருவராய் விளங்கிய அந்த அம்மையார், ‘ஸாமி’ என்ற தம் 1982-ஆம் ஆண்டு நூலில், தாய் ஓயாமல் ஏக்கத்தோடு பேசிய அந்தத் தீவைப் பள்ளிக்கூடத்து நிலப்படங்களிலே தேடித் தேடியும் காணாததையும், நன்றாக வளர்ந்த பிறகே ஒரு படத்தில் அதைக் கண்டதையும் சொல்லியிருக்கிறார். புரூக்லினிலும் ஹடர்ஸ்ஃபீல்டிலும் பிறந்த எத்தனையோ குழந்தைகளின் நிலை இதுவே. தாயின் பேச்சிலும், சமையலறை மணத்திலும், கிறிஸ்துமஸுக்கு வந்து போகும் உறவினர்களின் சிரிப்பிலும் மட்டுமே ஒரு தேசம் இருக்கிறது; புத்தகத்தில் அதைக் காணோம். அந்தக் குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், இதுதான் அந்த மண் என்று நிறுத்துகிற நாள் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய நாள்!

பிரயாணம் எளிதன்று. கிரெனடாவின் தென்கோடியிலுள்ள விமான நிலையத்தில் இறங்கி, தலைநகரான செயின்ட் ஜார்ஜஸின் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து படகேறி வடக்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் செல்ல வேண்டும். கிரெனடாவின் காற்றுமறைவைக் கடந்ததும் கடல் தன் சுபாவத்தைக் காட்டத் தொடங்குகிறது. அந்த வழியருகே கடலுக்கடியில் கிக் எம் ஜென்னி என்ற எரிமலை ஒன்று உயிரோடு இருக்கிறது. 1939-ல் அது குமுறியெழுந்து கடல்மட்டத்துக்கு மேலே புகையைக் கிளப்பியபோதுதான் உலகம் அதை அறிந்தது. படகு குதித்து விழும்போது பட்டணத்துப் பேரக் குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறார்கள். பிறகு ஹில்ஸ்பரோவின் படகுத்துறை தெரிகிறது. வந்தவர்களின் முகத்தைப் பார்த்தே இது இன்னாருடைய பேத்தி என்று சொல்லக்கூடிய கிழவிகள் அங்கே காத்திருக்கிறார்கள்.

இனி, கல் நாட்டுதலைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். கேரியக்கூவில் மரணம் அடக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. மூன்றாம் இரவு, ஒன்பதாம் இரவு, நாற்பதாம் இரவு என்று வரிசையாகப் பிரார்த்தனைகள் உண்டு. அண்டை அயலார் கூடிக் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைப் பாடி, காப்பியும் ரொட்டியும் ரம்மும் அருந்திக் கலைகிறார்கள். ஆனால் சமாதியின் மேல் கல் வைக்கும்வரை ஆத்மா நிலைகொள்ளவில்லை என்பது அவர்களுடைய திடமான நம்பிக்கை. கல்லையோ உடனே வைக்க முடியாது. மண் இறுக வேண்டும். அதைவிட முக்கியமாக, பணம் சேர வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, உலகெங்கும் சிதறிக் கிடக்கும் பிள்ளைகள் ஒரே சமயத்தில் வந்து கூட வேண்டும். இதனால் ஓராண்டு கழித்து நடப்பதும் உண்டு, பத்தாண்டு கழித்து நடப்பதும் உண்டு. ஒரு சகோதரன் புரூக்லினிலிருந்து சிமெண்டுக்குப் பணம் அனுப்புகிறான், ஒரு சகோதரி லண்டனிலிருந்து ஆடுகளுக்கு அனுப்புகிறாள், ஊரிலிருக்கும் மூத்தவள் எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் பார்த்து நாள் குறிக்கிறாள்.

கல் முதலில் இறந்தவருடைய வீட்டுக்கு வருகிறது. பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் பொறித்த அந்தக் கனத்த பலகை, விருந்தாளியைப் போல வீட்டினுள் வைக்கப்படுகிறது. உறவினர் ஒவ்வொருவராக அதன்மேல் நீரும் ரம்மும் தெளித்து, உயிரோடிருப்பவரிடம் பேசுவது போலவே பேசுகிறார்கள். இன்னார் வந்திருக்கிறேன், இவள் என் மகள், இவன் உங்கள் கொள்ளுப் பேரன், நீங்கள் இவனைப் பார்த்ததில்லை என்று அறிமுகம் செய்து வைக்கிறார்கள். வெளியே முற்றத்தில் மூன்று கல் அடுப்புகளின்மேல் பெரிய செப்புக் கொப்பரைகள் ஏறியிருக்கும். ஆட்டிறைச்சியும் அரிசியும் துவரையும் ஒருபுறம் வேக, மறுபுறம் சோளமாவைத் துடுப்புப் போன்ற மரக்கரண்டியால் இருவர் மாறி மாறிக் கிளறிக்கொண்டிருப்பார்கள். கைவிடாமல் கிளறினால்தான் அந்தக் களி கட்டி தட்டாது. இங்கிலாந்தில் அலுவலகம் போகும் பேத்தி ஒருத்தி, முழங்கைவரை வியர்த்துக்கொண்டு அந்தத் துடுப்பை வாங்கி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திணறும்போது, பக்கத்திலிருக்கும் பெரியம்மா எழுந்து அவள் கையின் மேல் தன் கையை வைத்துக் கிளறிக் காட்டுகிறாள். பிறகு ஊர்வலமாகக் கல்லை இடுகாட்டுக்கு எடுத்துச் சென்று, கீர்த்தனை பாடி, சாந்து பூசி, நாட்டிவிட்டுத் திரும்புகிறார்கள்.

ஊரார் அனைவருக்கும் சோறு உண்டு; அழைப்பு என்ற சம்பிரதாயமே தேவையில்லை. ஆனால் யாரும் வாய் வைக்குமுன் ஒரு படையல் எடுத்து வைக்கப்படுகிறது. ‘பெற்றோர் தட்டு’ என்று அவர்கள் வழங்கும் அந்தப் படையலை உப்பில்லாமல் சமைத்து, வீட்டினுள் ஓர் அறையில், வெள்ளைத் துணி விரித்த மேசையின் மேல் வைத்து, மெழுகுவத்தி ஏற்றி விடுகிறார்கள். அந்த இரவு அங்கே உண்ண வருகிறவர்கள் முன்னோர்கள். பொழுது புலர்ந்தபின் அந்த உணவு உயிரோடிருப்பவர்களுக்குப் பங்கிடப்படுகிறது. கனவிலே வந்து தமக்குப் பசிக்கிறதென்று இறந்தவர் சொல்லிவிட்டால், கல் நாட்டும் சமயமாக இல்லாவிட்டாலும் இந்தப் படையலை வைத்தே ஆக வேண்டும். அந்தக் கனவு புரூக்லினின் பத்தாவது மாடியில் உறங்குகிறவனுக்கு வந்தாலும் கடமை மாறுவதில்லை.

இரவு ஏறியதும் பிக் டிரம் என்னும் பெருமுரசு தொடங்குகிறது. ரம் பீப்பாய்களின் மேல் ஆட்டுத்தோல் போர்த்திய மூன்று முரசுகள். பக்கத்திலுள்ள இரண்டும் ஒரே சீராய்த் தாளம் கட்ட, நடுவிலுள்ள முரசு அந்தத் தாளத்தை வெட்டி வெட்டிப் பேசுகிறது. அதன் தோலின் குறுக்கே ஊசிகள் கோத்த நூல் ஒன்று கட்டியிருப்பதால், அடிக்கும்தோறும் ஒருவித நடுக்கம் ஒலியோடு சேர்ந்து வருகிறது. பழைய மண்வெட்டித் தகடு ஒன்றை இரும்பால் தட்டி ஒருத்தி காலம் காட்டுகிறாள். தரையில் நீரும் ரம்மும் தெளித்து வட்டத்தைத் தூய்மை செய்தபின், முதலில் பாடப்படுவது மன்னிப்பு வேண்டும் பாட்டு. விழாவை நடத்தும் குடும்பத்தார் மண்டியிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்குமாறு முன்னோரிடம் இறைஞ்சுகிறார்கள். நெடுநாள் வராமலே இருந்துவிட்ட பிள்ளைகள் அந்த நேரத்தில் அழாமல் இருப்பது கடினம். அழுவதைப் பார்த்து யாரும் வியப்பதுமில்லை.

பிறகு ஒவ்வொரு குலத்தின் பாட்டாக எழுகிறது. சொற்களில் சில பழைய பிரெஞ்சுக் கலப்பு மொழி. சில, பாடுகிறவர்களுக்கே பொருள் தெரியாத ஆப்பிரிக்கச் சொற்கள். குரோமாந்தியின் முரசு கேட்டால் குரோமாந்தி வம்சத்தார் வட்டத்துள் இறங்குகிறார்கள்; இக்போவின் முரசு கேட்டால் இக்போக்கள். நள்ளிரவை ஒட்டி முரசு முழங்கிக்கொண்டிருக்க, வட்டம் மட்டும் சிறிது நேரம் ஆளில்லாமல் விடப்படுகிறது. அந்த இடைவெளியில் ஆடுகிறவர்கள் முன்னோர்கள் என்று அனைவரும் ஒதுங்கி நிற்கிறார்கள். இந்த ஒரு வழக்கத்தில் அந்த ஜனங்களின் ஞானம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஊருக்குத் திரும்பி வரும் வாய்ப்பே இல்லாமல் செத்தவர்கள் அவர்களுடைய முதல் முன்னோர்கள். அவர்களைக் கடத்தி வந்த கப்பலுக்குத் திரும்பும் வழி இல்லை. ஆகவே சந்ததியார் வந்து வட்டம் விட்டு நிற்கிறார்கள். தாங்கள் திரும்பி வந்ததன் மூலம் அவர்களையும் வரவழைக்கிறார்கள்.

இதைத் தன் நாவலின் மையமாக வைத்தவர் புரூக்லினில் பிறந்த பால் மார்ஷல் என்னும் பெண் எழுத்தாளர். 1983-ல் வெளிவந்த ‘பிரெய்ஸ்சாங் ஃபார் த விடோ’ என்ற அவருடைய நாவலில், செல்வச் செழிப்போடு உல்லாசக் கப்பலில் வந்த அமெரிக்கக் கறுப்பினக் கைம்பெண் ஒருத்தி, கப்பலை விட்டிறங்கி, கிரெனடாவில் வேலை செய்யும் கேரியக்கூக்காரர்கள் ஆண்டுதோறும் ஊர் திரும்பும் பிரயாணத்தில் தற்செயலாகச் சேர்ந்துகொள்கிறாள். உன் குலம் எது என்று ஒரு கிழவர் கேட்க, அவளுக்குப் பதில் தெரியவில்லை. கடலில் குமட்டித் துவண்டு, பெண்கள் குளிப்பாட்டித் தேற்ற, கடைசியில் அவள் முரசு வட்டத்துள் கால் வைக்கிறாள். அவளுடைய பூர்விகம் கேரியக்கூ அன்று. ஆனாலும் அந்த வட்டம் அவளை ஏற்றுக்கொள்கிறது.

நிஜ வாழ்வில் பேரக் குழந்தைகள் அவ்வளவு எளிதாய் இறங்கிவிடுவதில்லை. அவர்களுக்குப் பாட்டுத் தெரியாது, அடவு தெரியாது. சுற்றி நிற்பவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம் வேறு. பிரிக்கப்படாத குடும்ப நிலத்திலே யார் வீடு கட்டலாம் என்ற வழக்குகளும் இந்த வருகைகளின் போதுதான் தலைதூக்குகின்றன. அந்த நிலத்தை யாரும் விற்க முடியாது, எவருக்கும் அதில் உரிமை இல்லாமலும் போகாது என்ற மரபு, ஊரிலே இருப்பவர்களுக்கும் வெளியே இருப்பவர்களுக்கும் இடையே மனத்தாங்கலையும் விளைவிக்கிறது. ஆயினும் அந்த மரபுதான் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைக்கும் கால் வைக்க ஓர் இடத்தை மிச்சம் வைத்திருக்கிறது. பெருமுரசை இப்போது விழா மேடைகளிலும் சுற்றுலாப் பயணிகள் முன்னிலையிலும் ஆடுகிறார்கள்; அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அந்த மேடைகளுக்காகப் பயிலும் சிறுவர்கள்தாம் நாளைக்குக் கல் நாட்டும் வீடுகளில் முரசறையப் போகிறவர்கள்.

ஆகஸ்டு மாதத்தில் வருகிறவர்கள் படகுப் பந்தயத்தையும் காணலாம். 1965-ல் தொடங்கிய பந்தயம் அது. தீவின் கீழ்க்கரையிலுள்ள விண்ட்வர்டு கிராமத்தில், ஸ்காட்லாந்திலிருந்து வந்த தச்சர்களின் வழிவந்தோர், உள்ளூர் வெண்தேவதாரு மரத்தில் விலாச் சட்டங்கள் அறுத்து, வரைபடமின்றிக் கண்ணளவாலேயே பாய்மரப் படகு கட்டுகிறார்கள். கடலில் இறக்கும் நாளில் முட்டுக் கட்டைகளைக் கோடரியால் வெட்டிச் சாய்த்து, ஊரே கயிறு பிடித்து இழுக்கிறது. லெஸ்டெர் கிராமத்து ஓவியரும் வயலின் கலைஞருமான கனூட் கலிஸ்ட், இந்தக் காட்சிகளைத் தம் 91 வயது வரை பலகைகளிலே தீட்டிக்கொண்டிருந்தார்.

2024 ஜூலை முதல் தேதி பெரில் என்னும் சூறாவளி, நான்காம் தரத்துக்குரிய உக்கிரத்தோடு கேரியக்கூவின் மேல் ஏறிக் கரை கடந்தது. ஜூலைத் தொடக்கத்தில் அவ்வளவு கடும் புயல் அந்தக் கடலில் எழுவது மிக அபூர்வம். அரை நாளுக்குள் தீவின் வீடுகளில் பெரும்பான்மை கூரையிழந்தன, அல்லது தரைமட்டமாயின. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடங்களும் தப்பவில்லை. மரங்களில் ஓர் இலைகூட மிஞ்சாமல் பச்சைத் தீவு பழுப்பு நிறமாயிற்று. டிரல் விரிகுடாவின் சதுப்பு மரக்காட்டில் புகலிடம் தேடிக் கட்டியிருந்த படகுகளும் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்து நொறுங்கின. ஐக்கிய நாடுகள் சபையின் பருவநிலைச் செயலகத் தலைவரான சைமன் ஸ்டீலுக்குச் சொந்த ஊர் இந்தக் கேரியக்கூதான். உலக நாடுகளையெல்லாம் அழைத்துப் பருவநிலையைப் பற்றிப் பேச வைக்கும் பொறுப்பிலுள்ள அவரே, புயலுக்குப்பின் ஊருக்கு வந்து, இடிந்த வீடுகளின் நடுவே நின்று, தம் பாட்டியின் வீடும் போய்விட்டதென்று சொல்ல நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் பாகு நகரத்தில் கூடிய மாநாட்டைத் தொடங்கியபோது, வீட்டை இழந்த 85 வயது அண்டை வீட்டு மூதாட்டியை அவர் அணைத்து நிற்கும் படத்தைப் பிரதிநிதிகளின் முன் வைத்துப் பேசினார்.

புயல் ஒருநாளில் செய்ததைக் கடல் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் செய்து வந்திருக்கிறது. திபோ என்ற இடத்திலுள்ள கரையோரக் கல்லறைத் தோட்டத்தை உயர்ந்து வரும் அலைகள் அரித்துக்கொண்டே இருக்கின்றன. பெயர் பொறித்த கற்கள் பல பெயர்ந்து மணலிலும் நீரிலும் கிடக்கின்றன. ஒரு கல்லை நாட்ட எத்தனை ஆண்டுச் சேமிப்பும் எத்தனை தேசத்துப் பிள்ளைகளின் கூட்டமும் வேண்டியிருந்தன என்பதை அறிந்தவர்களுக்கு இதன் கொடுமை விளங்கும். உலகின் கரிப்புகையில் அந்தத் தீவின் பங்கு ஒரு பொருட்டே அன்று. அதன் விளைவைத் தாங்கும் பொறுப்பு மட்டும் அவர்கள் தலைமேல் விழுந்திருப்பது அநியாயம் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

புயல் செய்தி எட்டியவுடனே புரூக்லினிலும் லண்டனிலும் பீப்பாய்கள் நிரம்பத் தொடங்கின. அரிசியோடும் சோப்போடும் இந்த முறை தார்ப்பாய்களும் விளக்குகளும் கருவிகளும் சேர்ந்தன. விடுப்புக் கிடைத்தவர்கள் தாமே படகேறி வந்து, பாட்டியின் வீட்டுக்குத் தகரம் வேய்ந்தார்கள். இனி அந்தத் தீவுக்குப் போகிற குடும்பங்கள், மழைநீர்த் தொட்டியைச் சீர் செய்து, கூரையை முடித்து, பிறகு இடுகாட்டுக்குப் போய் எந்தக் கல் நிற்கிறது, எந்தக் கல் சாய்ந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சாய்ந்தவற்றை மீண்டும் நாட்டும்போது விருந்தும் முரசும் மறுபடி வேண்டுமா என்பதை ஊர்ப் பெரியவர்களும் வந்த பிள்ளைகளும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.